கோழிக் கழிச்சல் நோய்: கண்ணில் விடும் சொட்டும் இறக்கையில் போடும் ஊசியும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் பூமியில் மழையை நம்பிச் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு, பருத்தியும் சோளமும் ஏமாற்றும் வருஷங்களில் கைகொடுப்பவை ஆடும் கோழியுமே ஆகும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய தாலுகாக்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குச் சென்று கூலி பெறும் குடும்பங்களிலும் பல வீடுகளில் நாட்டுக் கோழி வளர்க்கப்படுகிறது. தீபாவளி கழிந்து தொழிற்சாலைகள் மூடியிருக்கும் வாரங்களிலும், அடைமழையால் வேலை நின்றுபோகும் நாட்களிலும் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கோழியே. இச்சிறு ஆஸ்தியை ஒரே வாரத்தில் வெறுங் கூடாக்கிவிடும் வியாதி ஒன்று உண்டு. அது வெள்ளைக் கழிச்சல் என்றும், கோழிக் கழிச்சல் என்றும், ராணிக்கெட் நோய் என்றும் வழங்கும்.

இதற்குத் தடுப்பு மருந்து இருப்பதைக் கிராமங்களில் பெரும்பாலோர் அறிவர். ஆயினும் அம்மருந்தைப்பற்றி ஒரு குறை பல இடங்களிலும் கேட்கப்படுகிறது. மாசி மாதத்தில் ஊசி போட்ட பெட்டைக் கோழிகள் சுகமாக மேய்கின்றன. ஆனால் பங்குனியில் பொரித்த குஞ்சுகள் சித்திரையில் மடிகின்றன. ஊசி போடாத பக்கத்து வீட்டுக் கோழிகளும் உடன் மடிகின்றன. ஆகவே ஊசிதான் ஊருக்கு நோயைக் கொண்டுவந்தது என்று சிலர் முடிவு செய்கின்றனர். குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு, வளர்ந்த கோழிக்கு இறக்கையில் ஊசி என இரண்டு எதற்கு என்று வேறு சிலர் வினவுகின்றனர். இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. கோழியின் உடலில் காவல் இரண்டு இடங்களில் உண்டு. ஒன்றில் வைத்த காவல் மற்றொன்றுக்குப் போதாது என்பதே அவ்விடை.

நோயின் வரலாறும் இயல்பும்

இவ்வியாதி 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தின் அருகிலும் கண்டறியப்பட்டது. அதனால் மேல்நாட்டார் இதை நியூகாஸில் நோய் என்பர். சிறிது காலத்திற்குள் இந்தியாவில் குமாவூன் மலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் இது காணப்பட்டமையால், இந்நாட்டில் அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது.

நோயை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரஸ் கிருமி. நோயுற்ற கோழியின் மூச்சிலும், மூக்குச் சளியிலும், எச்சத்திலும் இக்கிருமி வெளிப்படும். காற்றில் தெறித்த துளிகள், அசுத்தப்பட்ட தீனி, தண்ணீர், வியாபாரியின் கூடை, மனிதர் காலில் ஒட்டிய மண் ஆகியவற்றின் வழியாக அது அடுத்த கோழியின் கண்ணையும் மூக்கையும் வாயையும் அடைகிறது. பெரும்பாலும் ஐந்து ஆறு நாட்களில் குறிகள் தோன்றும். சில சமயம் இரண்டு நாளிலும் தோன்றலாம், பதினைந்து நாள் வரையும் செல்லலாம்.

கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும்; தொண்டையில் கறகறவென்ற ஓசை கேட்கும். வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல் உண்டாகும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சிலவற்றுக்குக் காலும் இறக்கையும் விளங்காமற் போகும். முட்டையிடும் பெட்டைகள் முட்டையை நிறுத்திவிடும், அல்லது தோல்முட்டை இடும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் கொடிய வகைக் கிருமி புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கோழிகளுக்கு மேலும் மடிவதுண்டு. நோய் கண்டபின் அதைப் போக்கும் மருந்து கிடையாது. ஆகையால் முன்கூட்டித் தடுப்பதொன்றே வழி.

உடலின் தலைவாசல்

கண்ணின் இமைக்குள்ளும், மூக்கிலும், தொண்டையிலும், மூச்சுக் குழாயிலும், குடலிலும் உட்புறத்தை மூடியுள்ள ஈரமான மெல்லிய படலத்திற்குச் சளிச்சவ்வு என்று பெயர். வெளியிலிருந்து வரும் தூசியும் கிருமியும் முதலில் வந்து படுவது இதன்மேல்தான். ஒரு வீட்டுக்குத் தலைவாசல் எப்படியோ, உடலுக்கு இச்சளிச்சவ்வு அப்படி. கழிச்சல் நோயின் கிருமியும் இங்கேதான் முதலில் ஒட்டிப் பெருகத் தொடங்குகிறது.

ஒரு கிருமியை முன்னரே கண்டறிந்த உடல், அதே கிருமி மறுமுறை வரும்போது அதைப் பற்றிச் செயலற்றதாக்குவதற்கென்று தனிப் பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. இவற்றுக்கு எதிர்ப்புப் பொருள்கள் என்று பெயர். கோழியில் இவை மூன்று வகைப்படும். முதலில் தோன்றி விரைவில் குறைவது ஐ.ஜி.எம். என்பது. ரத்தத்தில் மிகுதியாக ஓடுவதும், முட்டையின் மஞ்சட் கருவில் சேர்ந்து குஞ்சுக்குச் செல்வதும் ஐ.ஜி.ஒய். என்பது. கண்ணீரிலும், மூக்கு நீரிலும், மூச்சுக் குழாயின் சளியிலும், பித்த நீரிலும், குடலிலும் கசிந்து நிற்பது ஐ.ஜி.ஏ. என்பது. இக்கடைசி வகையே தலைவாசற் காவல். இது சளியோடு கலந்து நின்று, வரும் கிருமியைச் சவ்வில் ஒட்டவிடாமல் வளைத்துக்கொள்கிறது. குடலிலுள்ள செரிமான நீர்களால் எளிதில் சிதையாதவாறு இதற்கு ஒரு மேற்காப்பும் உண்டு.

கோழியின் கண்குழிக்குள், விழியின் உட்பக்கமாக, ஹார்டர் சுரப்பி என்று ஒரு சிறு சுரப்பி அமைந்திருக்கிறது. ஆடுமாடுகளுக்குள்ளவை போன்ற நிணநீர் முடிச்சுகள் கோழிக்கு இல்லை. ஆகவே தலைப்பகுதியில் இச்சுரப்பியும், இமையிலும் மூக்கிலும் உள்ள சில திசுக்களுமே காவற்கூடங்களாக இருக்கின்றன. எதிர்ப்புப் பொருளை ஆக்கும் அணுக்கள் இச்சுரப்பியில் நெருங்கிக் கிடக்கின்றன என்றும், கண்ணில் மருந்து பட்டால் இவை தூண்டப்பட்டுக் கண்ணீரில் ஐ.ஜி.ஏ. பெருகும் என்றும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

கண்ணில் விட்ட சொட்டு கண்ணிலேயே நிற்பதில்லை. கண்ணிலிருந்து மூக்கிற்கும், அங்கிருந்து அண்ணத்தின் பிளவு வழியாக வாய்க்கும் ஒரு மெல்லிய வழி உண்டு. மருந்தில் நீலச் சாயம் கலந்து கண்ணில் விட்டால், சற்று நேரத்தில் கோழியின் நாக்கு நீலமாவதைக் காணலாம். இவ்வாறு ஒரு சொட்டு மருந்து கண், மூக்கு, தொண்டை என்ற மூன்று வாசல்களையும் தொட்டுச் செல்கிறது.

சொட்டு மருந்துக் கிருமி வாசலோடு நிற்பதேன்?

சொட்டாக விடப்படும் எப் வகை, லசோட்டா வகை ஆகிய இரண்டும் உயிருள்ள கிருமிகளேயாயினும் இயற்கையிலேயே சாதுவானவை. லசோட்டா வகை 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஒரு பண்ணைக் கோழியிலிருந்து எடுக்கப்பட்டது. பண்ணைக்காரரின் பெயரே அதற்கு வழங்கிவருகிறது. உயிருள்ள கிருமியைக் கண்ணில் விட்டால் அதுவே நோயாகிவிடாதா என்ற ஐயம் எழுவது நியாயமே. அதற்கு விடை கிருமியின் அமைப்பிலேயே இருக்கிறது.

இக்கிருமி உடலின் அணுவிற்குள் நுழைவதற்கு, அதன் மேலுறையிலுள்ள ஒரு புரதம் முதலில் இரண்டாக வெட்டப்பட வேண்டும். அதை வெட்டும் கத்தரி கிருமியிடம் இல்லை. கோழியின் உடலிலுள்ள நொதிகளே அவ்வேலையைச் செய்கின்றன. சாதுவான கிருமியின் புரதத்தை வெட்டக்கூடிய நொதி மூச்சுப் பாதையிலும் குடலிலும் மட்டுமே உண்டு. ஆகவே அக்கிருமி அவ்விடங்களில் மட்டும் சில நாள் பெருகி, உடலுக்குத் தன்னை அறிமுகப்படுத்திவிட்டு அடங்கிவிடுகிறது. கொடிய கிருமியின் புரதமோ உடலின் எல்லா உறுப்புகளிலும் உள்ள நொதிகளால் வெட்டப்படும் தன்மையது. அதனாலேயே அது வாசலைக் கடந்து ஈரல், மண்ணீரல், மூளை என எங்கும் பரவிக் கொல்கிறது.

சொட்டு விட்டபின் இரண்டொரு குஞ்சுகள் சில நாள் தும்முவதுண்டு. சாதுக் கிருமி சளிச்சவ்வில் வேலை செய்வதன் அடையாளம் அது, தானே நீங்கும்.

ஊசியின் பயன் வேறு

வளர்ந்த கோழிக்கு இறக்கையின் தோலடியில் போடப்படும் ஊசி மருந்து நடுத்தர வலிமையுள்ள கிருமியால் ஆனது. இத்தகைய மருந்தை ஆக்கும் முயற்சி 1940-களிலேயே முக்தேசுவரத்திலிருந்த இம்பீரியல் ஆராய்ச்சி நிலையத்தில் வெற்றி பெற்றது. தமிழ்நாட்டில் 1932-ஆம் ஆண்டில் சீரம் நிலையமாகத் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இவ்வகை மருந்துகளைத் தயாரிக்கிறது. ஆர்.டி.வி.கே. என்று முகாம்களில் சொல்லப்படுவது இவ்வூசி மருந்தே.

ஊசி மருந்தினால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மிகுதியாகச் சேர்ந்து பல மாதங்கள் நிற்கிறது. கொடிய கிருமி வாசலைத் தாண்டி உள்ளே சென்றாலும், ரத்தத்திலுள்ள இந்த உள்வீட்டுக் காவல் அதை மடக்கிவிடும், கோழி பிழைத்துக்கொள்ளும். ஆனால் தோலடியில் போடப்பட்ட மருந்து சளிச்சவ்வை நேராகத் தொடுவதில்லை. ஆகவே வாசலில் ஐ.ஜி.ஏ. காவல் குறைவாகவே அமைகிறது. கொடிய கிருமி அத்தகைய கோழியின் மூக்கிலும் குடலிலும் சில நாள் தங்கிப் பெருகவும், சளியிலும் எச்சத்திலும் வெளிப்படவும் கூடும். மருந்து பெறாத கோழியைவிட இது குறைந்த அளவிலும் குறைந்த நாட்களுக்குமே வெளியிடும் என்பது உண்மை. ஆயினும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு குஞ்சுக்கு அதுவே போதும்.

முதலில் சொன்ன குறைக்கு இப்போது விளக்கம் கிடைக்கிறது. வெயில் காலத்தில் வெளியிலிருந்து வந்த கொடிய கிருமி, ஊசி பெற்ற பெட்டைகளைக் கொல்ல முடியவில்லை. ஆனால் அவற்றின் வாசலில் சில நாள் இடம்பிடித்துக்கொண்டது. தாயோடு மேய்ந்த குஞ்சுகளுக்கும் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் அங்கிருந்து பரவியது. ஊசி நோயைக் கொண்டுவரவில்லை. ஊசி பெற்ற கோழியின் உயிரை அது காத்தது. காவல் பெறாத கோழிகள் அதே கொல்லையில் இருந்ததுதான் கேடாக முடிந்தது.

தாய்க் கோழியின் கொடையும் அதன் எல்லையும்

ஊசி பெற்ற பெட்டையின் குஞ்சுக்குத் தாயின் எதிர்ப்புப் பொருள் வருமே என்று கேட்கலாம். வரும். மஞ்சட் கருவின் வழியாக ஐ.ஜி.ஒய். வகை குஞ்சின் ரத்தத்தை அடைகிறது. ஆனால் அது சேமித்து வைத்த தானியம் போன்றது, புதிதாக விளைவதில்லை. நாலைந்து நாளுக்கொருமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அன்றியும் அது ரத்தத்தில் உள்ள காவலே. வாசலுக்கு அது போதாது.

இளங் குஞ்சுக்கு ஊசி போடாமல் கண்ணில் சொட்டு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தோலடியில் செல்லும் மருந்தைத் தாயிடமிருந்து வந்த பொருள் ரத்தத்திலேயே மடக்கிவிடலாம். கண்ணிலும் மூக்கிலும் படும் சொட்டு அத்தடையை ஓரளவு தவிர்த்து, சளிச்சவ்வில் தன் வேலையைத் தொடங்கிவிடும். மேலும் நடுத்தர வலிமையுள்ள ஊசி மருந்து இளங் குஞ்சுக்கு ஆபத்தானது. அதை எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்குப் போடலாகாது.

சொட்டினால் வரும் வாசற்காவல் விரைவில் தோன்றும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அமையத் தொடங்கும். ஆனால் அது நெடுநாள் நிற்பதில்லை. சில வாரங்களில் குறையும். ஆதலால் அதைப் புதுப்பிக்க மறுமுறை சொட்டு வேண்டும். நெடுங்காலக் காப்புக்கு ஊசியும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் ஆகாது.

மனிதரிடத்திலும் இதுவே நியதி

இளம்பிள்ளைவாதத்திற்குக் குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விடுவதை ஒவ்வொரு கிராமமும் அறியும். அக்கிருமி குடலில் பெருகுவது. ஆகவே குடலின் சவ்வில் காவல் வைக்கவே வாய்வழிச் சொட்டு கொடுக்கப்பட்டது. இந்தியாவில் இயற்கையான இளம்பிள்ளைவாதக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டு ஜனவரியில், வங்காளத்தின் ஹௌரா ஜில்லாவில். 2014-ஆம் ஆண்டு மார்ச்சில் இந்நோய் நீங்கிய நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சொட்டோடு ஊசியும் சேர்க்கப்பட்டது. இரண்டு காவலும் வேண்டும் என்ற கொள்கையே இங்கும் காணப்படுகிறது.

இதற்கு மறுபக்கமான உதாரணம் இஸ்ரேல் நாட்டில் கிடைத்தது. அங்கு 2005-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு ஊசி மட்டுமே போடப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாக்கடை நீரில் இளம்பிள்ளைவாதக் கிருமி காணப்பட்டது. ஒரு குழந்தைக்கும் கால் முடங்கவில்லை. ஊசி அவர்களைக் காத்தது. ஆயினும் குடலில் காவல் குறைவாக இருந்தமையால் கிருமி ஆளுக்கு ஆள் அரவமின்றிச் சுற்றிவந்தது. அவ்வாண்டிலேயே சர்க்கார் மறுபடியும் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது.

மூச்சுவழி பரவும் கொரோனாத் தொற்றிலும் இவ்வனுபவமே ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி முதல் இந்நாட்டில் போடப்பட்ட ஊசிகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆனால் புஜத்தில் போட்ட ஊசியால் மூக்கின் சளியில் ஐ.ஜி.ஏ. குறைந்த அளவிலேயே உண்டாயிற்று. கிருமியும் உருமாறி வந்தபடியால், 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊசி பெற்றவர்களுக்கும் சளியும் காய்ச்சலும் வந்தன. ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் ஆபத்தின்றிப் பிழைத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஹைதராபாதிலுள்ள பாரத் பயோடெக் நிறுவனத்தின் மூக்கில் விடும் கொரோனா மருந்துக்கு இந்தியாவில் அனுமதி வழங்கப்பட்டது. மனிதருக்கு அப்போது புதிதாகத் தோன்றிய இம்முறை, கோழிகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கையாளப்பட்டு வருவதேயாகும்.

அனுஷ்டிக்க வேண்டிய முறை

குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் எப் வகை அல்லது லசோட்டா வகை மருந்தில் ஒரு சொட்டு கண்ணில் விட வேண்டும். நான்காம் வாரத்தில் லசோட்டா மருந்தை மறுமுறை கொடுக்க வேண்டும். எட்டாம் வாரத்தில் ஊசி மருந்து 0.5 மில்லி இறக்கையின் தோலடியில் போடவேண்டும். பதினாறாம் வாரத்தை ஒட்டி மறுபடியும் போடுவது நலம். அதன்பின் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாமில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்து உயிருள்ள பொருளாதலால், வெயில் பட்டால் செத்துவிடும். செத்த மருந்தைச் சொட்டினால் வாசலில் காவல் எழாது. குப்பியை ஐஸ் இட்ட பிளாஸ்கிலேயே கொண்டுவர வேண்டும். மருந்தோடு தரப்படும் நீரில் கரைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைத்தல் கூடாது.

சொட்டு விடும்போது குஞ்சின் தலையைச் சாய்த்து, ஒரு கண் மேல்நோக்கி இருக்குமாறு பிடிக்க வேண்டும். சொட்டுக் குழாயின் நுனி கண்ணில் படலாகாது. சொட்டு விழுந்ததும் குஞ்சை விட்டுவிடாமல், அது கண்ணை இமைத்து மருந்து உள்ளே செல்லும் வரை பொறுக்க வேண்டும். அவசரத்தில் உதறப்பட்ட சொட்டு எழுதாத கணக்குக்குச் சமம்.

குடிநீரில் கலந்து கொடுப்பதாயின், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை உபயோகிக்கலாகாது. சுத்தமான கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கலந்தபின் மருந்தைச் சேர்க்க வேண்டும். உலோகப் பாத்திரம் வேண்டாம். கோழிகளை முன்னதாக ஒன்றிரண்டு மணி நேரம் தாகத்தோடு வைத்திருந்தால், யாவும் விரைந்து குடிக்கும். ஆயினும் சில கோழிகள் மிகுதியாகவும் சில குறைவாகவும் குடிக்குமாதலால், சிறு கூட்டத்திற்குக் கண்ணில் விடுவதே உறுதியானது.

நோய் கண்ட கோழிக்கு மருந்திடலாகாது. குடற்புழு நீக்கும் மருந்தை ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்தல் நன்று. எச்சம் குவிந்த கூட்டிலிருந்து எழும் அம்மோனியா நெடியும், தூசியும் மூச்சுக் குழாயின் சவ்வைப் புண்படுத்துவதால், கூட்டைத் துப்புரவாக வைக்காதவர் தாமே தலைவாசலை இடித்தவராவர். மருந்து மனிதர் கண்ணில் தெறித்தால் சில நாள் கண் சிவந்து உறுத்தும். உடனே நல்ல நீரால் கழுவிக்கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

பிப்ரவரி முகாம் ஒன்றோடு காரியம் முடிந்ததென்று கருதுவதே பெரும்பிழை. அம்முகாமில் ஊசி பெறுவன வளர்ந்த கோழிகளே. அதன்பின் மாசி, பங்குனியில் பொரிக்கும் குஞ்சுகள், நோய் மிகும் வெயில் காலத்தை யாதொரு காவலும் இன்றிச் சந்திக்கின்றன. அவற்றுக்குச் சொட்டு வேண்டும். ஆனால் ஒரு குப்பி மருந்து நூறு முதல் ஆயிரம் கோழிகளுக்கானது. திறந்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டியது. பத்துக் குஞ்சுகள் உள்ள ஒரு வீட்டார் தனியே அதை வாங்குதல் வீண் செலவு. இந்தத் தடையே பல கிராமங்களில் குஞ்சுகளைச் சாகவிடுகிறது.

இதை நீக்குவது ஒரு தனி மனிதரால் ஆகாது. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் மனம் வைத்தால் ஆகும். மாதத்தில் ஒரு நாளைச் சொட்டு நாளாகக் குறித்து, கால்நடை வைத்தியசாலையோடு பேசி ஒரு குப்பிக்கு ஏற்பாடு செய்தால் போதும். ஊரிலுள்ள ஐந்து நாளைக் கடந்த குஞ்சுகள் யாவும் அன்று சொட்டுப் பெறும். சென்ற மாதம் பெற்றவை மறுசொட்டுப் பெறும். இவ்வாறு எட்டு வாரம் ஆகும்போது ஏறக்குறைய ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டு முறை வாசற்காவல் அமைந்துவிடும்.

பட்டாசுத் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் பெண்கள் அதிகாலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறவர்கள். பகல் பதினொரு மணிக்கு முகாம் வைத்தால் வீடும் பூட்டியிருக்கும், கோழியும் மேய்ச்சலில் இருக்கும். இருட்டியபின் கோழிகள் பஞ்சாரத்தில் அடைந்த வேளையில் சென்றால், ஒன்றும் தப்பாது. மருந்துக்கு வெயிலின் தொல்லையும் இல்லை. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா, விருதுநகர் பங்குனிப் பொங்கல், தீபாவளி ஆகிய காலங்களில் கோழிகள் ஊர்விட்டு ஊர் கைமாறுகின்றன. சொட்டு நாளை அவற்றுக்கு இரண்டு மூன்று வாரம் முந்தி அமைப்பது உத்தமம். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்தபின்னரே கூட்டத்தில் விட வேண்டும். இறந்த கோழியைக் கண்மாயிலோ ஓடையிலோ எறியாமல், சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி செல்ல முடியாத ஊர்களுக்கென்று வெப்பத்தைத் தாங்கும் மருந்துகளும் வந்துள்ளன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையில் ஆராயப்பட்ட வி4, ஐ-2 என்னும் சாது வகைகள் மலேயாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் கிராமக் கோழிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 என்னும் வகையைக் கொண்டு தீனியோடு தின்னத்தக்க குருணை மருந்தை ஆக்கியுள்ளது. இவையும் வாய், தொண்டை, குடல் ஆகிய வாசல்களில் காவல் வைக்கும் கொள்கையைப் பற்றியவையே. கிடைக்குமிடத்தையும் கொடுக்கும் முறையையும் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் தகும்.

நாட்டுக் கோழிக்கு வேலி இல்லை; அது பத்து வீட்டுக் கொல்லையிலும் மேயும். ஆகவே ஒரு வீட்டார் மட்டும் தம் கோழிக்கு ஊசி போட்டுக்கொண்டு நிம்மதி அடைதல், நடுப்புஞ்சையில் ஒருவர் மட்டும் பூச்சி மருந்து தெளித்ததை ஒக்கும். வளர்ந்த கோழிக்கு ஊசியும், பொரித்த குஞ்சுக்கெல்லாம் சொட்டும் ஒரே ஊரில் ஒருங்கே நடைபெறுமாயின், கிருமி தங்குவதற்கு இடம் மிகவும் அருகிவிடும். அடுத்த அமாவாசைக்குள் ஊரிலுள்ள குஞ்சுகளை எண்ணி ஒரு ஜாபிதா எழுதி, அருகிலுள்ள கால்நடை வைத்தியசாலையில் சேர்ப்பித்தல் முதற் காரியமாகும்.